ஆறு நெஞ்சும் ஒரு மூடியும்

சனிக்கிழமை காலை. ஃபேக்டரி டிஸ்பென்சரி வராந்தாவில் ஆறு பேர் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறோம். டிங்சர் வாசனை மூக்கில் ஏறுகிறது. வெளியே தைல மரங்களுக்கு நடுவில் இன்னும் பனி கலையவில்லை. அந்தக் காலத்துப் பெங்களூர்க் குளிர், வெற்று மார்பில் எறும்பு மாதிரி ஊர்கிறது.

வரிசையில் முதல் ஆள் அந்தோணி அண்ணன். கடைசி ஆள் நான்.

ஆறு பேர் நெஞ்சிலும் இடது பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். ஆறும் ஒரே அளவு, உள்ளங்கை அகலம். வட்டத்துக்கு நடுவே பச்சைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு பேர் வரும்.

சரோஜா.

சரோஜா என் சம்சாரம்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறு விஷயத்துக்குப் போனால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போகத்தான் வேண்டும். பித்தளையைப் பற்றிச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் விவகாரம் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஏழாம் வகுப்பு மாடியில் இருந்தது

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் வீட்டுக் கஷ்டம் என்பேன். கஷ்டமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் ஏழாம் வகுப்பு மாடியில் இருந்தது. மரப்படி. கால் வைத்தால் ஆடும். மற்ற பையன்கள் அதில் குதித்து ஓடினார்கள். நான் கீழேயே நின்றுவிட்டேன்.

பிறவியிலேயே அப்படி. ஜீவனஹள்ளியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ரயில் வந்தால் தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்துவிடுமோ என்று பயப்படுவேன். ரயில் வராவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை, எங்கேயாவது கவிழ்ந்துவிட்டதோ என்று பயப்படுவேன். "ஏகாம்பரத்துக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலன்னா, ஏன் கிடைக்கலன்னு பயப்படுவான்" என்று சிநேகிதர்கள் சொல்வார்கள். அது சரிதான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய ஃபேக்டரிகள் முளைத்தன. அதில் ஒன்றில் நான் டெம்பரவரியாகச் சேர்ந்தேன். ஃபேக்டரி பேரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்?

டெம்பரவரி என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. திங்கட்கிழமை காலையில் கேட் வாசலில் நிற்க வேண்டும். வாட்ச்மேன் ஒரு தாளைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். தெரு முழுக்கப் பார்க்கும்.

அப்படி நான் மூன்று வருஷம் காது கொடுத்து நின்றேன்.

அப்புறம் ஒருநாள் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். எங்கள் லேத் செக்‌ஷனில் ஆறு டெம்பரவரிகளைப் பர்மனென்ட் ஆக்குகிறார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை மெடிக்கல். டாக்டர் 'ஃபிட்' என்று எழுதினால் ஆயுசுக்கும் வேலை. 'அன்ஃபிட்' என்று எழுதினால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே.

சரோஜாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

நோட்டீஸைப் படித்த நிமிஷத்தில் என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. டாக்டர் குழாயை வைத்துக் கேட்பாரே, இப்படி அடித்தால் என்ன எழுதுவார் என்று நினைத்தேன். அது இன்னும் வேகமாக அடித்தது. இது நிற்கவே நிற்காதோ என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியாமல் லேத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன்.

அந்தோணி அண்ணனின் வைத்தியம்

என்னைத் தூக்கி உட்கார வைத்தவர் அந்தோணி அண்ணன். கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் ஆறு பேரில் அவர்தான் மூத்தவர். பூமிக்கு அடியில் அவ்வளவு தூரம் போய் வந்த மனுஷனுக்குத் தெரியாதது இருக்குமா என்று நாங்கள் நம்பினோம். அவரும் அப்படித்தான் நம்பினார்.

"இன்னாடா ஏகா, கை இப்படி ஜில்லுன்னு கீது?"

"நெஞ்சு அடிச்சிக்குதுண்ணா."

"அடிச்சிக்காட்டிதான் பயப்படணும். எத்தினி நாளா?"

"இப்பதான். நோட்டீஸ் பாத்ததுலேருந்து."

அவர் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து, ரொம்ப நேரம் யோசித்து, ஒரே வார்த்தை சொன்னார்.

"பித்தளை."

பித்தளையில் இரண்டு சரக்கு இருக்கிறது, செம்பும் துத்தநாகமும் என்றார். செம்பு உடம்புச் சூட்டை இழுக்கும். துத்தநாகம் வாயுவை அடக்கும். நெஞ்சு படபடப்பு என்பது சூடும் வாயுவும் சண்டை போடுவது. ஆகவே நெஞ்சின் மேல் பித்தளையை வைத்துக் கட்டினால் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்துவிடும்.

கேட்கும்போது அவ்வளவு நியாயமாக இருந்தது. இப்போதுகூட எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

பித்தளை புராணம்

அந்த நாளில் பித்தளையை நம்பாதவர் யார்? கண்கட்டி வந்தால் பித்தளைத் தம்ளரின் விளிம்பைத் துணியில் தேய்த்துச் சூடாக்கி ஒற்றுவார்கள். பித்தளைக் குடத்துத் தண்ணீர் குடித்தால் மஞ்சள் காமாலை கிட்டே வராது என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு விக்கல் நிற்கவில்லை என்று தலைக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தை டொங்கென்று தட்டினார்கள். விக்கல் நின்றுவிட்டது. குழந்தை அழுகையை நிறுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. அது வேறு விஷயம்.

பித்தளைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. யுத்தம் முடிந்த புதிதில் கண்டோன்மென்ட் பக்கம் வெடித்த குண்டுகளின் காலிக் கூடுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. எல்லாம் நல்ல பித்தளை. உருக்கினால் குடம், தட்டினால் குவளை. சில வீடுகளில் குண்டுக்கூட்டையே கழுவி ஊதுவத்தி செருகி வைத்திருந்தார்கள். நான் யார் வீட்டில் தண்ணீர் குடித்தாலும், இந்தச் சொம்பு முன்னே யாரைச் சுட்டதோ என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் குடிப்பேன்.

அதனால்தான் அந்தோணி அண்ணனிடம் சந்தேகம் கேட்டேன். "நம்ம செக்‌ஷன்லயே பித்தளை ராடு கெடக்குதே, அதுல ஒரு துண்டு வெட்டிக் கட்டிக்கட்டுமா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது மெஷினுக்குப் போற பித்தளைடா. அதுக்கு மனுசன் யாருன்னே தெரியாது. வீட்டுப் பித்தளை வேணும். சோறு தண்ணி கண்டதா இருக்கணும். பொம்பள கை பட்டதா இருக்கணும். கட்டறதுக்கு முன்னாடி எலுமிச்சம்பழத்தை அறுத்து ரெண்டு தேய்ப்பு தேய். அப்பதான் அதுக்குக் கண்ணு தொறக்கும்."

"அப்புறம்?"

"மெடிக்கல் முடியற வரைக்கும் அந்த எடத்துல தண்ணி படக்கூடாது, சோப்பு படக்கூடாது. பட்டா போச்சு."

எலுமிச்சம்பழம், வியர்வை, பித்தளை. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாத்திரம் விளக்குகிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நாங்கள் ஆறு ஆண்பிள்ளைகள். ஒருத்தரையும் கேட்கவில்லை.

சரோஜாவின் சீர்

சரோஜாவும் தங்க வயல்தான். மாரிக்குப்பம். கல்யாணத்துக்கு என் மாமனார் சீராகப் பித்தளைச் சாமான் கொடுத்து ரயிலேற்றினார். குடம், அண்டா, சொம்பு, தூக்கு, குத்துவிளக்கு. எல்லாவற்றிலும் அவள் பேர் வெட்டியிருந்தது. இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாத்திரக் கடை வாசலிலேயே ஒருவர் சின்ன உளியோடு உட்கார்ந்திருப்பார். டிக் டிக் என்று புள்ளி புள்ளியாகப் பேரை வெட்டிக் கொடுப்பார். விசேஷத்துக்கு இரவல் போன பாத்திரம் அந்தப் பேரைக் காட்டித்தான் வீட்டுக்குத் திரும்பும்.

தண்ணீர்ச் சொம்புக்கு ஒரு மூடி. உள்ளங்கை அகலம், தட்டையாக இருக்கும். பிடிக்கிற குமிழ் எப்போதோ விழுந்துவிட்டது. மெல்லிய தகடு என்பதால் மேலே வெட்டிய பேர் கீழ்ப்பக்கம் முள் முள்ளாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரோஜா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் மூடியை எடுத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பழைய வேட்டித் துண்டால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டி, மேலே சட்டை போட்டுப் படுத்தேன். முதலில் சில்லென்றிருந்தது. பிறகு இதமாக இருந்தது. பிறகு தூங்கிவிட்டேன். நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து அதுதான் என் முதல் தூக்கம்.

எழுந்தபோது நெஞ்சு அடங்கியிருந்தது. சமையலறையில்தான் சத்தம்.

"சொம்பு மூடி எங்க போச்சு? எங்கப்பா வாங்கித் தந்த மூடி! எடுத்தவங்க நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கட்டும்!"

அடங்கிய நெஞ்சு உடனே எழுந்து உட்கார்ந்தது.

"பூனை தள்ளிவிட்டிருக்கும்" என்றேன்.

"பூனைக்கு மூடி எதுக்குங்க? சொம்பா வெச்சிருக்குது?"

"காக்காயா இருக்கும்."

"இருக்கும் இருக்கும். பெரிய காக்காவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சொம்பின் மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தாள்.

முறை வைத்துக் கட்டினோம்

திங்கட்கிழமை ஃபேக்டரியில் சொன்னேன்: தூங்கினேன், அடங்கியது. அவ்வளவுதான் சொன்னேன். உடனே மற்ற ஐந்து பேருக்கும் நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. மெடிக்கல் பயம் எல்லோருக்கும் இருந்தது. நான்தான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அந்தோணி அண்ணன். மூன்று பேர் தொம்மலூர்க்காரர்கள், மூவருக்கும் பேர் முனுசாமி. நெட்டை முனுசாமி, குட்டை முனுசாமி, இரண்டும் இல்லாத முனுசாமி. ஐந்தாவது பாஷா. அவனுடைய அப்பா தெருத்தெருவாகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்குக் கலாய் பூசுகிறவர்.

பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும் என்பதால் உள்ளே ஈயம் பூசுவார்கள். அதுதான் கலாய். அந்தக் குடும்பத்துப் பிள்ளை பாஷா, ஒரு வார்த்தை சொல்லித்தான் பார்த்தான்.

"அரே அண்ணா, கலாய் இல்லாத பித்தளை ஜஹர்னு எங்க வாப்பா சொல்வாரு. விஷம்!"

"அது வயித்துக்கு விஷம்" என்றார் அந்தோணி அண்ணன். "நெஞ்சுக்கு மருந்து. வயிறு எங்க, நெஞ்சு எங்க!"

பாஷா வயிற்றையும் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தான். தூரம் இருந்தது. ஒப்புக்கொண்டான்.

ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். திங்கள் அந்தோணி அண்ணன், செவ்வாய் நெட்டை, புதன் குட்டை, வியாழன் இரண்டும் இல்லாதவர், வெள்ளி பாஷா. கட்டுகிறவர் எலுமிச்சம்பழம் கொண்டு வர வேண்டும். லேத் ஓடுகிற இடத்தில் வியர்வைக்குக் குறைவில்லை. குட்டை முனுசாமி மட்டும் ஷிஃப்ட் முடிந்ததும் "எனக்கு முட்டி வலிகூடக் கொறஞ்சுட்டுதுப்பா" என்றார். அவருக்கு முட்டி வலி இருந்ததே அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் சரோஜா தினமும் காலையில் கொட்டாங்கச்சியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மொள்ளும்போது அந்த மந்திரத்தைச் சொல்வாள். "எடுத்தவங்க நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கட்டும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க ஏங்க வேர்க்கறீங்க?" என்பாள்.

சனிக்கிழமை காலை கேட்டில் பாஷா மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். மெடிக்கல் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

வராந்தாவில்

இப்போது திரும்பி வருகிறேன். ஆறு பேர், சட்டையில்லாமல்.

தன் நெஞ்சைத் தானே குனிந்து பார்த்தால் எழுத்து தலைகீழாகத்தான் தெரியும். ஏதோ புள்ளி, மருந்து ஏறியிருக்கிறது என்று அவரவர் சந்தோஷமாக இருந்திருக்கிறோம். எதிராளி நெஞ்சைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நெட்டை முனுசாமிதான் முதலில் படித்தார். "டேய் பாஷா, உன் நெஞ்சுல சரோஜான்னு எழுதிக் கீதுடா."

"க்யா?" பாஷாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "சரோஜாவா? யாரு சரோஜா? எனக்குக் கல்யாணம் ஆயி மூணு மாசம்தான் ஆவுது ரே! வீட்ல கொன்னுடுவா!"

"உனக்கு மட்டுமாடா? எனக்கும் இருக்குது" என்றார் குட்டை முனுசாமி, அண்ணாந்து நெட்டையின் நெஞ்சைப் பார்த்தபடி. "அவருக்கும் இருக்குது."

ஐந்து பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த மலேரியாக் கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். மைசூர்ப் பக்கத்து மனுஷர், கண்டிப்பானவர். பின்னாலேயே ரிஜிஸ்டரோடு கம்பவுண்டர் வேணு. டாக்டர் அந்தோணி அண்ணன் முன்னால் நின்று குழாயை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"ஏன்ரீ இது?" என்றார் கன்னடத்தில். என்ன இது என்று அர்த்தம்.

டாக்டர் அடுத்த ஆளைப் பார்த்தார். அடுத்தவரை. அதற்கடுத்தவரை. ஒவ்வொரு நெஞ்சுக்கும் ஒரு அடி பின்னால் தள்ளிப் போனார். பாஷாவிடம் வரும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பச்சைப் படை! இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்லை. ஆறு பேருக்கும் ஒரே இடத்துல! ஃபேக்டரி முழுக்கப் பரவிடும். வேணு, எழுதிக்கோ. ஆறு பேரும் அன்…"

அந்த வார்த்தையின் முதல் பாதி என் காதில் விழுந்தது. மூன்று வருஷம் கேட்டில் நின்றது, ஐந்தாம் மாதம், எல்லாம் அந்தப் பாதி வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் வேணு. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "இது படை இல்ல சார். எழுத்து. தமிழ். சரோஜான்னு எழுதியிருக்கு."

"ஆறு பேருக்குமா?"

"ஆறு பேருக்கும்."

டாக்டரின் முகம் இன்னும் மோசமாகிவிட்டது. படை என்றால் மருந்து உண்டு. ஆறு தொழிலாளர்கள் நெஞ்சில் ஒரே அடையாளம் குத்திக்கொண்டு வந்தால்? அந்தச் சமயத்தில் ஊரில் எங்கே பார்த்தாலும் சங்கம், கொடி, ஸ்ட்ரைக் என்றிருந்தது.

"இது என்ன சங்கம்?" என்றார் குரலைத் தாழ்த்தி. "யாரு உங்க லீடர்? யாரு இந்த சரோஜா?"

அந்தோணி அண்ணன் பூமிக்கு அடியில் பார்ப்பவர் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் ஆறு குடும்பம் தெருவில். திறந்தால் என் மானம் தெருவில். என் வாழ்க்கையில் பயந்த விஷயங்களை ஒரு தாளில் எழுதினால் அந்தத் தாள் அடுத்த வீடு வரைக்கும் நீளும். அதில் ஒன்றைக்கூட நான் அதுவரைக்கும் நேருக்கு நேர் பார்த்ததில்லை.

ஒரு அடி முன்னால் வந்தேன்.

"சார், சரோஜா என் சம்சாரம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மற்ற ஐந்து நெஞ்சையும் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார்.

"உன் சம்சாரம் பேரு இவங்க நெஞ்சுல எதுக்குரீ இருக்கு?"

"மூடி சார்."

"எதை மூட?"

"சொம்பை சார்."

பேசினால் இன்னும் குழப்பமாகும் என்று தெரிந்துவிட்டது. பையிலிருந்து மூடியை எடுத்து நீட்டினேன். வேணு அதை வாங்கி அந்தோணி அண்ணன் நெஞ்சில் வைத்தார். பொருந்தியது. நெட்டைக்குப் பொருந்தியது. குட்டைக்குப் பொருந்தியது. மூன்றாவது முனுசாமிக்கும் பாஷாவுக்கும் எனக்கும் பொருந்தியது. புள்ளிக்குப் புள்ளி, எழுத்துக்கு எழுத்து.

டாக்டர் மூடியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"நிம்பேஹண்ணு" என்றார். எலுமிச்சம்பழம். "பித்தளையில எலுமிச்சை தடவி, அதை நெஞ்சில கட்டிக்கிட்டு, லேத் முன்னாடி எட்டு மணி நேரம் நின்னீங்களா? யார் சொன்ன வைத்தியம்ரீ இது?"

நாங்கள் ஐந்து பேரும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தோணி அண்ணன் தானே கையைத் தூக்கினார்.

"நெஞ்சு அடங்குது சார்" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

விளக்கினார்கள்

வட்டம் அழியும் வரை காகிதத்தில் ஒரு எழுத்து எழுத மாட்டேன் என்றார் டாக்டர். கேன்டீனில் பாத்திரம் விளக்கும் லட்சுமம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். புளி, சாம்பல், தேங்காய் நார் சகிதம் வந்தவள், வரிசையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"ஐயே! நான் பாத்திரம் தேய்க்கத்தான் வேலைக்கு வந்தேன். ஆம்பளைங்களைத் தேய்க்க இல்ல."

"இன்னிக்கு மட்டும் பாத்திரம்னு நெனச்சிக்கோம்மா" என்று கெஞ்சினார் வேணு.

"பாத்திரத்துக்கு இவ்ளோ ரோமம் இருக்காது சாமி" என்றாள். கடைசியில் புளியை மட்டும் கரைத்து ஆளுக்கு ஒரு கை கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் எங்களையே தேய்த்துக்கொண்டோம். "நல்லா வளையம் வளையமா தேய்! ஓரத்த உடாதே! உன்னியாட்டம் எங்க ஊட்ல தேய்ச்சா எங்க மாமியா மூஞ்சிலயே உட்டு எறியும்!" பச்சை கரைந்து இறங்கியது. சும்மா இருப்பானேன் என்று மூடியையும் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பளபளவென்று என் கையில் கொடுத்தாள்.

புளி வாசனையோடு ஒவ்வொருவராக உள்ளே போனோம். ஒவ்வொருவராக ஃபிட் ஆனார்கள். கடைசியில் நான்.

டாக்டர் குழாயை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தார்.

"தையல் மெஷின் மாதிரி ஓடுதே. என்னரீ பயம்? படை இல்லைன்னு ஆயிடுச்சே. சங்கமும் இல்ல."

"சார், மூடி காணாமப் போனது சரோஜாவுக்குத் தெரியும். எங்க போச்சுன்னு தெரியாது. தெரிஞ்சா…"

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எனக்கும் வீட்ல இருக்காங்க" என்றார். "இந்தப் படபடப்புக்கு 'அன்ஃபிட்'னு எழுதினா, ஃபேக்டரியில ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். போய்யா."

ஃபிட்.

நெஞ்சில் கை வைத்தவர்கள்

அன்று சாயந்திரம் மூடியைச் சொம்பின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்தேன். சரோஜா பார்த்தாள்.

"அடேங்கப்பா. காக்கா கொண்டாந்து வெச்சிடுச்சே. விளக்கி வேற வெச்சிருக்குது!"

பர்மனென்ட் ஆன செய்தியைச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் மூடிப் பேச்சு அதோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து சரோஜா குழம்புச் சட்டியோடு வந்ததும், ஐந்து பேரும் சொல்லி வைத்த மாதிரி எழுந்து, இடது நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டார்கள். பாஷா இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு சரோஜா சொன்னாள்: "உங்க ஃபேக்டரி ஆளுங்க ரொம்ப மரியாத தெரிஞ்சவங்க."

போன வாரம்

பத்திரிகைக்காக இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததும் எனக்குப் பழைய படபடப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் மறைத்ததை அச்சில் போடுகிறோமே என்ற பயம். கை தானாகச் சொம்பின் பக்கம் போனது. மூடி இல்லை.

"சரோஜா, மூடி எங்கே?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முழங்காலில், துணியால் கட்டி, மூடி.

"முட்டி வலிக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"யாரோ. உங்களுக்கு நெஞ்சுக்கு நல்லா கேட்டுச்சே, எனக்கு முட்டிக்குக் கேக்காதா?"

"உனக்கு… தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். குழாயடியிலேருந்து வந்தா, நீங்க மல்லாக்கப் படுத்துத் தூங்கறீங்க. சட்டை விலகி மூடி தெரியுது. பிடுங்கிடலாம்னுதான் கிட்ட வந்தேன்."

"ஏன் பிடுங்கலை?"

"எம்பேர நெஞ்சுல கட்டிக்கிட்டுத் தூங்கற மனுசனை எழுப்பி, மூடியக் குடுன்னு எப்படிக் கேக்கறது?" என்றாள். "கத்தினது சும்மா. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். நாப்பது வருசமா சொல்லல."

எலுமிச்சம்பழம் தடவினாயா என்று கேட்டேன். "நான் என்ன உங்கள மாதிரியா?" என்றாள். பிறகு முழங்கால் துணியை இறுக்கிக்கொண்டே, தன் பேர் வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தபடி, கொஞ்சம் வெட்கமாகக் கேட்டாள்:

"நீங்க ஒருத்தர்தானே கட்டிக்கிட்டீங்க?"

"ஆமாம்" என்றேன்.

இந்தத் தாள்களை ஆசிரியருக்கு அனுப்புவதா, கிழித்துப் போடுவதா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் படிப்பவள் அவள்தான்.

நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூடி அவள் முட்டியில் இருக்கிறது.